கோட்டுக்கும் வாங்குக்கும் இடையில்

கரப்பந்தாட்டத் திடலின் அளவை எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பதினெட்டு மீற்றர் நீளம், ஒன்பது மீற்றர் அகலம், நடுவில் நெற் என்கிற வலை. அதோடு கதை முடிந்தது. புத்தூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் விளையாடி வளர்ந்த எங்களுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டதில்லை. கோட்டுக்கு வெளியே இருப்பது காணிக்காரனின் பிரச்சினை. நான் விளையாடிய காலத்தில் ஒரு பக்கக் கோட்டோடு வெங்காயப் பாத்தி தொடங்கும், மற்றப் பக்கம் வேலி, பின்னுக்கு வாழைத் தோட்டம். பந்தைத் துரத்திக்கொண்டு ஓடினால் வாழை விழும், அல்லது நாங்கள் விழுவோம். பெரும்பாலும் நான் விழுவேன். பார்க்க வந்த சனமோ கோட்டிலேயே கால்விரலை வைத்துக்கொண்டு நிற்கும். சேவ் போட்டு ஆட்டத்தைத் தொடங்குகிறவன் முதலில் இரண்டு பேரை விலக்கி, ஒரு சைக்கிளை நகர்த்தி, அதன் பிறகுதான் பந்தைத் தூக்கிப் போடவேண்டும்.

விதிப்புத்தகத்தில் இன்னோர் அளவும் இருக்கிறது. கோட்டுக்கு வெளியே நாலு பக்கமும் ஆகக் குறைந்தது மூன்று மீற்றர் வெறும் இடம் விடவேண்டும். அதைப் பலமுறை வாசித்திருக்கிறேன். வரி கட்டச் சொல்லும் அறிவித்தலை வாசிக்கிற மாதிரி, மற்றவர்களுக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டு.

நான் எங்கள் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். பொதுக்கூட்டத்தின் நடுவில் தேத்தண்ணி குடிக்க வெளியே போனேன். திரும்பி வரும்போது என்னைத் தெரிவு செய்திருந்தார்கள். அன்றிலிருந்து கழகத்தில் யாரும் செய்ய விரும்பாத எல்லா வேலையும் என்னுடையது. புதிதாகக் கட்டிய உள்ளக அரங்கில் கோடு ஒட்டுகிற வேலையும் அப்படித்தான் வந்தது.

அரங்கு எங்கள் ஊருக்குப் பெரிய விசயம். வெளிநாடுகளில் இருக்கும் ஊரவர்கள் சேர்ந்து கட்டித் தந்தது. தரையில் றப்பர் விரிப்பு, தலைக்கு மேலே ஏழு மீற்றருக்கும் கூடுதலான உயரத்தில் கூரை. நல்லூரில் இருந்து வந்த படவரைஞர் விதிப்புத்தகத்தைப் பார்த்தே படம் கீறியிருந்தார். உள் அகலம் சரியாகப் பதினைந்து மீற்றர்: ஒன்பது திடலுக்கு, இரு பக்கமும் மும்மூன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பெண்கள் அணி ஆடும் அரையிறுதி ஆட்டம் அங்கேதான் நடக்க இருந்தது. அதற்கு முதல்நாள் சனிக்கிழமை காலை நடுவர் குழுவிலிருந்து ஒருவர் வந்து அளந்து பார்த்து, சரி என்று சொல்லவேண்டும். சரியில்லை என்றால் ஆட்டம் வேறொரு கழகத்தின் வெளித் திடலுக்குப் போய்விடும்.

மற்றவர்களுக்கு அது இடம் மாறுகிற விசயம் மட்டுமே. எனக்கு அது என் மகளின் முழங்கால்.

அவள் எங்கள் பெண்கள் அணியின் லிபரோ. அணியில் ஒருத்திக்கு மட்டும் வேறு நிறத்தில் மேற்சட்டை கொடுத்து, பின்வரிசையில் நிற்க விட்டு, எதிர்ப்பக்கம் அடிக்கிற பந்தையெல்லாம் நிலத்தில் விழாமல் எடு என்று சொல்வார்களே, அவள்தான். அடித்துப் புள்ளி எடுக்கும் உரிமை இல்லை. ஓடுவது, விழுவது, எழும்புவது. போன வருடம் அப்படி விழுந்ததில் இடது முழங்காலுக்குள் இருக்கும் நார் அறுந்து, ஒப்பறேசன் செய்து, ஆறேழு மாதம் சுவரைப் பிடித்து நடந்தாள். அவளை ஒப்பறேசனுக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது நான் தாதியைச் சிரிக்க வைக்க ஒரு பகிடி விட்டேன். பயம் வந்தால் எனக்கு வாயில் பகிடிதான் வரும். அந்தத் தாதி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

திரும்ப விளையாட வைத்தியர் ஒருவாறு சம்மதித்தார். இந்த வருடம் மெத்தென்ற தரையில் மட்டும் என்றார். கல்லும் மணலும் கலந்த வெளித் திடலில் இறங்கவே கூடாது. இன்னொரு தரம் அந்த நார் அறுந்தால் விளையாட்டை மறந்துவிட வேண்டியதுதான் என்று அவளுக்குச் சொல்லாமல், எனக்குச் சொன்னார். அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகவே ஆட்டம் அரங்கில் நடந்தால் அவள் விளையாடுவாள். வெளியே போனால் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒட்டும் நாடாச் சுருள்களும் அளவு நாடாவும் நீலத்தூள் பூசிய நூலுமாக அரங்குக்குள் போனேன். திடல் கீறுவதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் நடுக்கோடு. அதன் நடுப்பகுதியிலிருந்து இரு பக்கமும் ஒன்பது ஒன்பது மீற்றர். அப்படிப் பிறக்கிற இரண்டு சதுரங்களும் உண்மையாகவே சதுரமா என்று மூலைக்கு மூலை பிடித்துப் பார்க்கவேண்டும்; பன்னிரண்டு மீற்றர் எழுபத்துமூன்று சென்ரிமீற்றர் வந்தால் சதுரம், வராவிட்டால் பட்டம். கோட்டின் அகலம் ஐந்து சென்ரிமீற்றர். அந்த ஐந்தும் திடலுக்கு உள்ளேதான் இருக்கவேண்டும். நடுக்கோட்டிலிருந்து மூன்று மீற்றரில் தாக்குதல் கோடு. பின்வரிசைக்காரர் அதற்கு முன்னால் வந்து துள்ளி அடிக்கக்கூடாது. இதையெல்லாம் முழங்காலில் நின்றபடி செய்யவேண்டும். நான் முழங்காலில் நின்றால் எழும்புவதற்கு இன்னொருவர் வேண்டும். அன்று ஒருவரும் இல்லை. ஆகையால் எழும்பாமலே தவழ்ந்து தவழ்ந்து பதினெட்டு மீற்றரையும் ஒட்டினேன். என்னை மேலிருந்து யாராவது பார்த்திருந்தால் கழகம் உடும்பு வளர்ப்பதாக நினைத்திருப்பார்கள்.

மேற்குப் பக்கக் கோட்டிலிருந்து சுவர் சரியாக மூன்று மீற்றர். எனக்கே என்மீது மதிப்பு வந்தது. கிழக்குப் பக்கம் அளவு நாடாவை இழுத்துக்கொண்டு போனேன். சுவர் வரவில்லை. அதற்கு முன் வாங்கு வந்துவிட்டது.

அந்த வாங்கு படவரைஞரின் படத்தில் இருக்கவில்லை. சுவர் பூசி முடிந்த பிறகு கழகத் தலைவரும், கனடாவில் இருக்கும் அவருடைய தம்பியாரும் தங்கள் தகப்பனாரின் நினைவாகக் கட்டியது. கிழக்குச் சுவர் நீளத்துக்குச் சீமெந்தால் கட்டி, மேலே கறுப்புக் கிறனைற் பலகைகள் பதித்து, நடுப்பலகையில் தகப்பனாரின் பெயரையும் 'நினைவாக' என்பதையும் பொன்னெழுத்தில் வெட்டியிருந்தார்கள். ஒன்றரை அடி அகலம். எங்கள் ஊரில் யாராவது காலமானால் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பஸ் தரிப்பிடம், ஒரு வாங்கு என்று ஏதாவது எழும்பும். சனம் உட்கார்ந்திருந்து பார்க்க வசதி என்று நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். வெங்காயப் பாத்தியோடு விளையாடிய எவனுக்கும், கோட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடமும் திடல்தான் என்று தோன்றவில்லை. எனக்கும்தான். திறப்பு விழாவில் அந்த வாங்கில் முதலில் போய் இருந்ததே நான்.

இரண்டு மீற்றர் ஐம்பத்தைந்து.

இன்னொரு முறை அளந்தேன். அளவு நாடா சிலவேளை இரக்கப்படும் என்று ஒரு நம்பிக்கை. பிறகு வாங்கின் பக்கத்தில் நின்று பார்த்தேன். கிறனைற்றின் விளிம்பு கத்தி மாதிரிச் சீவியிருந்தது. உயரம் என் முழங்காலுக்குச் சற்று மேலே. என் மகள் என்னைவிட ஓர் அங்குலம் உயரம். சரியாக அவளுடைய முழங்காலுக்கு வரும்.

தலைவருக்கு ரெலிபோன் எடுத்தேன். எழுபது வயதுக்காரர், வெள்ளை வேட்டியில் ஒரு மடிப்புக் கலையாதவர், கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். நான் அளந்து காட்டினேன். அவர் அளவைப் பார்க்கவில்லை, வாங்கைப் பார்த்தார்.

"அதுக்கு என்ன செய்யச் சொல்லுறாய்?"

"உடைக்கவேணும் அண்ணை. வேறை வழி இல்லை."

"அப்பாவை உடைக்கச் சொல்லுறியோ?"

என்னிடம் அதற்கு ஒரு பகிடி இருந்தது. நல்லவேளையாக விழுங்கிவிட்டேன்.

அவர் வழி சொன்னார். கிழக்குக் கோட்டை ஒன்றரை அடி உள்ளே தள்ளி ஒட்டு, யாருக்குத் தெரியப்போகிறது என்றார். நெற்றின் இரு பக்கமும் கட்டுகிற அன்ரெனாக் கம்புகள் ஒன்பது மீற்றர் இடைவெளியில் நிற்கும், கோட்டைக் குறுக்கினால் ஒரு கம்பு வெளியில் போய் நிற்கும், கண்ணாடி கழற்றிவிட்டுப் பார்த்தாலும் தெரியும் என்றேன். முழுத் திடலையும் மேற்குப் பக்கம் கொஞ்சம் தள்ளு என்றார். தள்ளினால் இரண்டு பக்கமும் குறையும் என்றேன். வாங்குக்கு முன்னால் மெத்தை சாத்து என்றார். மெத்தை இன்னும் நாலு விரல் இடத்தை விழுங்கும் என்றேன். நான் சொன்னதெல்லாம் சரி. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. பகிடிக்காரன் ஒருவன் திடீரென்று சரியாகக் கதைக்கத் தொடங்கினால் எவருக்கும் எரிச்சல் வரும்.

"அளக்க வாறவவிட்டை நான் கதைக்கிறன். ஒரு ஒண்டரை அடிக்கு ஆரும் மச்சை நிப்பாட்டமாட்டினம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. அவர் கதைத்து, வருகிறவர் முகத்துக்காகச் சரி என்று சொல்லிவிட்டால்? ஆட்டம் நடக்கும். என் மகள் இறங்குவாள். அந்தப் பக்கம் பந்து போகும். வருகிறவர் சரியில்லை என்று சொல்லிவிட்டால், வெளித் திடலில் ஆட்டம். அவள் ஒரு வருடமாகக் காத்திருந்தது போய்விடும். இரண்டில் எது நடக்கவேண்டும் என்று கடவுளிடம் கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஐந்து மணிக்குப் பிள்ளைகள் பயிற்சிக்கு வந்தார்கள். பயிற்றுநருக்கு அன்று வேறு வேலை, தாங்களாகவே தொடங்கிவிட்டார்கள். மகளை ஒரு பக்கம் கூப்பிட்டு, தலைவர் வாங்கை உடைக்க விடமாட்டார், அந்தப் பக்கம் பந்து போனால் விட்டுவிடு என்றேன்.

"விடுறதெண்டால் நான் ஏன் லிபரோ?" என்றாள்.

"உன்ரை கால் பிள்ளை."

"எனக்கும் தெரியும் அப்பா, அது என்ரை கால் எண்டு."

தலைவர் வீட்டுக்குப் போகவில்லை. வாங்கால் ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை என்பதை நிரூபிக்கிற மாதிரி அதில் போய் இருந்துவிட்டார். பொன்னெழுத்துப் பலகைக்கு அருகில், கைகளை மடியில் வைத்து, கோவிலில் இருப்பதுபோல. நான் கோட்டோரத்தில் நின்றேன். பந்து மேற்குப் பக்கம் போகும்போதெல்லாம் மூச்சு வந்தது. நடுவில் நிற்கும்போது நின்றது.

கிழக்குப் பக்கத்துக்கு முதல் பந்து வந்தது. எதிர்ப்பக்கத்தில் நின்று அடித்தவள் என் மகளின் நெருங்கிய சிநேகிதி. பந்து மகளின் கையில் பட்டு, கிழக்கே எகிறியது. அவள் திரும்பி ஓடினாள். தலை மேலே, கண் பந்தில். கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவேயில்லை. நான் கத்தவேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை, பகிடிகூட வரவில்லை. கடைசிக் கணத்தில் அவளுடைய வலது கால் தூக்கிக்கொண்டது. வாங்கின் மேல் ஏறி, சுவரில் உள்ளங்கையை ஊன்றி நின்றாள். பந்து சுவரில் பட்டு விழுந்தது. அவள் காலில் போட்டிருந்த சப்பாத்து பொன்னெழுத்தின் மேல் இருந்தது, தலைவரின் தொடைக்கு ஒரு சாண் பக்கத்தில்.

அவள் குனிந்து பார்த்தாள். உடனே இறங்கி, அந்தப் பெயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ பெரியப்பா" என்று சொல்லிவிட்டு ஓடிப் போனாள். எங்கள் ஊரில் அவர் வயதுக்காரர் எல்லோரும் பிள்ளைகளுக்குப் பெரியப்பாதான்.

தலைவர் மடியிலிருந்து கைலேஞ்சியை எடுத்து, தகப்பனாரின் பெயரில் பதிந்திருந்த செம்மண் சப்பாத்துத் தடத்தை மெதுவாகத் துடைத்தார்.

கொஞ்ச நேரத்தில் இரண்டாவது பந்து. அதே பக்கம், அதே ஓட்டம். இந்தத் தடவை நான் கண்ணை மூடிவிட்டேன். சப்பாத்து கல்லில் மோதும் சத்தம் கேட்டது. அவள் முனகும் சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது மறுபடியும் பெயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். தலைவர் மறுபடியும் துடைத்தார். கைலேஞ்சியை மடித்து வைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

மூன்றாவது பந்து கிழக்கே எழும்பியபோது அவர் எழுந்து நின்றார். அவள் வந்தாள், ஏறினாள். காற்பெருவிரல் பக்கம் முதலெழுத்தில், குதிக்கால் கடைசி எழுத்தில். தன் தகப்பனின் முழுப் பெயரும் ஒரு சப்பாத்துக்குக் கீழே மறைவதை அவர் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் விவரிக்கப் போவதில்லை. அவளை ஏசியிருந்தால் பரவாயில்லை. அவர் அவளைப் பார்க்கவேயில்லை.

என் பக்கம் வந்தார். குரல் மிகவும் தணிந்திருந்தது.

"தம்பி, மேசனுக்கு ரெலிபோன் எடு."

"அண்ணை?"

"விடிய வரச் சொல்லு. உடைக்கேக்கை கல்லு உடையப்படாது. அப்பாவின்ரை பேர் ஆற்றையும் காலடியிலை இருக்கேலாது. மேலை வையுங்கோ. கால் எட்டாத உயரத்திலை."

ஒன்றரை அடிக்கும் மூன்று மீற்றருக்கும் விதிப்புத்தகத்துக்கும் அசையாத மனிதர். மத்தியானம் முழுவதும் நான் அளவு நாடாவோடு மன்றாடியது வீண். எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று கேட்டேன். பெண்களின் நெற் இரண்டு மீற்றர் இருபத்துநாலு, ஆண்களுடையது இரண்டு நாற்பத்துமூன்று, அதற்கு மேலே வைத்தால் ஒருவரும் எட்டமாட்டார்கள் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போகும்போது மோட்டார்சைக்கிளில் பின்னால் இருந்தவளிடம் கேட்டேன், மூன்று பந்தும் ஏன் ஒரே பக்கம் வந்தது என்று.

"பந்து போற இடத்துக்குத்தானே அப்பா கால் போகும்."

"உன்ரை சிநேகிதி நேராய் அடிக்கிறவள் எல்லே?"

"றோட்டைப் பாத்து ஓடுங்கோ."

இடது கால் நோகிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். நொந்தாலும் இல்லை என்றுதான் சொல்லுவாள் என்பது எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை விடிய மேசன் வந்து உளியை வைத்தார். தலைவர் கிழக்குச் சுவரோடு நின்று, ஒவ்வொரு அடிக்கும் தன் விலாவில் பட்டதுபோல நிமிர்ந்தார். நடுப்பலகை மட்டும் உடையாமல் வரவேண்டும் என்று அதற்குக் கீழே பழைய சாக்குகளை அடுக்கி, நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். கல் கழன்று எங்கள் கைக்கு வந்தபோது அதன் பாரத்தில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. விட்டால் மரியாதை போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அரங்கு முழுவதும் புழுதி. நான் ஒட்டிய வெள்ளைக் கோடுகள் எல்லாம் சாம்பல் நிறம். புழுதிக்குள்ளிருந்து வெளிவாசலைப் பார்த்தால், சாவகச்சேரியிலிருந்து அளக்க வரவேண்டிய ரீச்சர் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். பாடசாலை ஒன்றில் உடற்கல்வி படிப்பிப்பவர், நடுவர், ஒரு சிரிப்பும் இல்லாதவர்.

நான் போட்ட முதல் பகிடியை அவர் கேட்டுக்கொண்டே அளவு நாடாவின் ஒரு முனையை என் கையில் திணித்தார். இரண்டாவதற்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. பதினெட்டு, சரி. ஒன்பது, சரி. மூலைக்கு மூலை, சரி. தாக்குதல் கோட்டைப் பின் விளிம்பு வரைக்கும் பிடித்துப் பார்த்தார், சரி. அளவுத் தடியை நெற்றின் நடுவிலும் இரு முனைகளிலும் வைத்துப் பார்த்தார். அன்ரெனாக் கம்பைத் தட்டிப் பார்த்தார். என் உள்ளங்கை வியர்த்து அளவு நாடா வழுக்கியது.

கடைசியாகக் கிழக்குப் பக்கம். சுவரின் அடியில், வாங்கு பெயர்ந்த இடத்தில் சீமெந்துக் கட்டிகள் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. அவர் குந்தியிருந்து நாடாவை அந்தப் பல்லில் முட்டவைத்தார். மூன்று மீற்றருக்கு இரண்டு விரல் குறைவு.

"இது காணாது" என்றார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். அவர் இப்போது கதைக்கப் போகிறார், ரீச்சரும் தலையாட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ரீச்சரைப் பார்க்கவேயில்லை. மேசனிடம் திரும்பி, "கொத்து" என்றார்.

மேசன் கொத்தினார். ரீச்சர் குந்தியபடியே காத்திருந்தார். ஒரு கட்டி விழுந்ததும் அளந்தார், போதாது. இன்னொரு கட்டி. சுவரே விழுந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஒருவழியாக நாடா சுவரில் போய் முட்டியது. அவர் எழுந்து சேலையில் படிந்த புழுதியைத் தட்டினார். சரி என்று சொல்லவில்லை. நாளைக்கு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கில் நிற்க இடமில்லை. வாங்கு போனதால் சனம் முழுவதும் திடலின் இரு முனைகளிலும், கயிறு கட்டித் தடுத்த இடத்துக்குப் பின்னால். நடுப்பலகை கிழக்குச் சுவரில் உயரே ஏறியிருந்தது. தலைவர் அதை நேரே பார்க்கக்கூடிய இடத்தில் கதிரை போட்டு இருந்தார். எனக்குக் கிடைத்த பதவி தரை துடைப்பது. றப்பர் விரிப்பில் யாராவது விழுந்தால் வியர்வை ஈரம் நிற்கும். அடுத்த சேவுக்கு முன் ஓடிப் போய்த் துடைக்கவேண்டும். செயலாளருக்கு ஏற்ற வேலை. துவாயும் கையுமாக ஒரு மூலையில் குந்தியிருக்கச் சொன்னார்கள்.

முதல் செற் எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மகள் ஆறு ஏழு தடவை விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் நான் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் இடது முழங்காலைப் பார்த்தேன். ஈரத்தைத் துடைக்கப் போகும்போது, "சரியோ பிள்ளை?" என்று வாய்க்குள் கேட்பேன். "துடையுங்கோ அப்பா" என்பாள்.

முடிவைத் தீர்க்கும் மூன்றாவது செற்றில் பாதியில் பக்கம் மாறினார்கள். அவள் நான் இருந்த பக்கத்துக்கு வந்தாள். புள்ளிகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டிருந்தன. மூலையில் இருந்து பார்த்தால் அவளுடைய கால் சரியாகத் தெரியவில்லை. கொஞ்சம் நகர்ந்தேன். அடுத்த புள்ளிக்கு இன்னும் கொஞ்சம். குந்திய குந்தில் இருந்து காலும் விறைத்துவிட்டது, சுவரில் சாய்ந்து நீட்டிக்கொண்டேன். நான் எங்கே இருக்கிறேன் என்ற நினைப்பே எனக்கு இல்லை. கண் முழுவதும் அவளுடைய முழங்காலில்.

எதிர்ப்பக்கத்துப் பிள்ளை ஓங்கி அடித்தாள். எங்கள் முன்வரிசைக்காரியின் விரலில் பட்டுப் பந்து உயர எழுந்து, வளைந்து, கிழக்குச் சுவரை நோக்கி வந்தது. என்னை நோக்கி. மகள் திரும்பினாள். தலை மேலே, கண் பந்தில். அவள் ஓடி வருவதை நான் முன்னால் இருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. எவ்வளவு வேகம். எவ்வளவு கிட்ட. நல்லவேளை வாங்கு இல்லை என்று நினைத்தேன், உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் என் இரண்டு கால்களும் அவளுக்குக் குறுக்கே நீட்டியிருப்பதைக் கண்டேன்.

அவளும் கண்டாள். காற்றில் இருந்தபடியே உடம்பைத் திருப்பினாள். அந்தத் திருப்பலில் இடது கால் ஊன்றுவதும், மடங்குவதும், அவள் பக்கவாட்டில் விழுந்து என் காலோடு வந்து மோதுவதும் தனித்தனியாகத் தெரிந்தன. பந்து எங்கோ விழுந்தது. விசில் கேட்டது. தலைவர் கதிரையை விட்டு எழுந்து நின்றார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் இடது முழங்காலைப் பொத்திப் பிடித்திருந்தாள்.

எனக்குத் தொடவும் பயம், விலகவும் பயம்.

"அப்பா" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"ஓம் பிள்ளை."

"காலை எடுங்கோ."

நான் மடக்கினேன். அவள் தன்னுடையதை மெல்ல நீட்டினாள். மடக்கினாள். மறுபடி நீட்டினாள். கையை நிலத்தில் ஊன்றி எழுந்து, இடது காலில் பாரத்தைக் கொடுத்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள், பிறகு சுளிப்பு போனது. நான் இருந்தபடியே துவாயை நீட்டினேன், என்ன நினைப்பில் என்று தெரியாது. அவள் அதை வாங்கவில்லை.

ரீச்சர்தான் அன்றைக்கு நடுவர். உயரமான மேடையில் நின்றபடி என்னைப் பார்த்து, கோட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடத்தைக் கையால் காட்டி, பிறகு கதவைக் காட்டினார். அந்த மூன்று மீற்றருக்குள் இடைஞ்சலாக இருந்த ஒரே பொருளை வெளியேற்றினார். நான் துவாயையும் எடுத்துக்கொண்டு சனத்துக்குள்ளால் நடந்தேன். யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. வழிவிட்டு, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

வெளியே கதவோரம் செருப்புக் குவியல். அதற்கு நடுவில் நின்றேன். கதவை உள்ளே இருந்து சாத்திவிட்டார்கள், ஒன்றும் தெரியவில்லை. மாற்று ஆட்டக்காரியை இறக்குவார்களோ? அவளே நிற்பாளோ? நின்றால் ஓடுவாளோ? உள்ளே விசில் ஊதியது. பந்தில் கை படும் சத்தம், சப்பாத்துகள் விரிப்பில் கிறீச்சிடும் சத்தம், மறுபடியும் பந்து. யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. நான் கதவில் காதை வைத்தேன்.

"விடு, விடு, எனக்கு" என்று உள்ளே என் மகளின் குரல் கேட்டது. தொடர்ந்து, கிழக்குப் பக்கமாக ஓடும் சப்பாத்துச் சத்தம்.